பேனலுக்கு வெளியே ஒரு முதுகெலும்பு

அம்மாவின் முதுகெலும்பை நம்பி ஒப்படைக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றிய நிபுணர், எங்கள் காப்புறுதியின் பேனலில் இல்லாத மருத்துவமனையில் இருந்தார். பேனல் என்றால் காப்புறுதியே மருத்துவமனைக்குக் கட்டும் என்ற உத்தரவாதக் கடிதம் வரும். இல்லையென்றால் முழுப் பணத்தையும் நாமே கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

"மெடிக்கல் கார்டுதான் இருக்கே, ஏன்டா நகையை எடுக்கிற?" என்றார் அம்மா. கிள்ளானில் பாதிக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி அது.

பில்லைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தனியார் மருத்துவமனையில் டாக்டரின் கட்டணத்துக்கு மலேசியாவின் 2006ஆம் ஆண்டு தனியார் மருத்துவமனை விதிமுறைகளின் 13ஆவது அட்டவணை உச்சவரம்பு வைத்திருக்கிறது. மருந்து, திருகாணி, அறுவை அறைப் பொருள்கள் போன்ற மருத்துவமனைக் கட்டணங்களுக்கு அப்படி வரம்பு இல்லை. பில் வீங்குவது அங்கேதான். காப்புறுதிக்காரரோ 'நியாயமான, வழக்கமான' தொகையை மட்டும் தருவார். மிச்சம் நம் தலையில். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது, ஆனால் பாலிசியில் அச்சிட்டிருக்கிறார்கள்.

மிச்சத்துக்கு வழி தேடினால், இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதியில், பட்டியலிட்ட நோய்களுக்குப் பெற்றோருக்காகவும் பணம் எடுக்கலாம். அவசரமில்லை என்றால் தெங்கு அம்புவான் ரஹிமா அரசு மருத்துவமனையும் இருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டும்.

முன்பணம் கட்டுமுன் செலவு மதிப்பீட்டை வரிவரியாக எழுதி வாங்குங்கள். எவ்வளவு தருவார்கள் என்று காப்புறுதியிடமும் எழுத்தில் கேளுங்கள். அசல் ரசீதுகளைத் தொலைக்காதீர்கள்.