நிறையைக் குறைத்தலா, வலுவைக் கூட்டலா?

மோட்டார் சைக்கிள் ஒன்றைப் புதிதாக வாங்கிய இளைஞன் சில மாதங்கள் அதனைத் தொழிற்சாலை தந்தவாறே ஓட்டி மகிழ்கிறான். அதன்பின் அவன் உள்ளத்தில் ஓர் எண்ணம் முளைக்கிறது. சேறு தடுக்கும் தகடுகள் இத்துணைக் கனமாக இருத்தல் வேண்டுமா? இரும்புத் தாங்கிக்குப் பதிலாக அலுமினியத் தாங்கி பூட்டலாகாதா? இயந்திரத்திலிருந்து இன்னும் ஐந்தாறு பரிவலுவைக் கறந்துவிட முடியாதா? இவ்வினாக்கள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. மோட்டார் சைக்கிள் தோன்றிய நாள் முதலாக அதனுடன் கூடவே வருபவை. இவற்றிற்கு விடை காண்பதற்கு ஆசை மட்டும் போதாது. சிறிது கணக்கும், சிறிது வரலாறும், நிரம்ப நிதானமும் வேண்டும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டி எத்துணை விரைவாக வேகம் பெறும் என்பதை, அதாவது அதன் ஆர்முடுகலை, அதன் வலுவும் நிறையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. பத்துப் பேர் சேர்ந்து ஒரு வண்டியைத் தள்ளுகின்றனர் என்று கொள்வோம். அது விரைந்து ஓட வேண்டுமாயின், தள்ளுவோர் தொகையைக் கூட்டலாம். அன்றி வண்டியிலுள்ள மூட்டைகளை இறக்கலாம். பயன் ஒன்றே.

இதனை ஓர் உண்மை வண்டியிற் பொருத்திப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ட்ரயம்ப் தொழிற்சாலை 1959ஆம் ஆண்டிற்கென வெளியிட்ட பொன்னவில் என்னும் 650 சீசீ வண்டி 46 பரிவலு உடையது. நிறை ஏறத்தாழ 183 கிலோகிராம். அதன்மேல் 70 கிலோ நிறையுள்ள ஒருவர் ஏறி அமர்ந்தால் மொத்தம் 253 கிலோ. கனமான உறுப்புக்களை நீக்கியும் மாற்றியும் பெருமுயற்சியோடு 15 கிலோவைக் குறைத்துவிட்டார் என்று கொள்வோம். மொத்த நிறையில் இது நூற்றுக்கு ஆறு பங்குதான். ஆர்முடுகலைப் பொறுத்தவரையில், இயந்திரத்தில் ஏறத்தாழ மூன்று பரிவலுவைக் கூட்டியதற்கு இது சமமாகும். ஓட்டுபவர் தம் உடம்பில் ஐந்து கிலோவைக் குறைத்துக்கொள்வாராயின், ஒரு காசும் செலவின்றி ஒரு பரிவலு கிடைத்துவிடும். எனினும் இம்முறையை விரும்பிக் கையாள்வோர் அரியர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். சமதரையில் ஒரு வண்டி அடையக்கூடிய உச்ச வேகத்தைத் தடுப்பது பெரும்பாலும் நிறையன்று, காற்றேயாம். காற்றின் தடையை வெல்லுவதற்கு வேண்டிய வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்கிற்கேற்ப உயர்கிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு கூட்ட வேண்டுமாயின் வலுவை மூன்றில் ஒரு பங்கு கூட்ட வேண்டும். 46 பரிவலுவில் மணிக்கு 100 மைல் ஓடும் வண்டி 110 மைல் ஓடுவதற்கு ஏறத்தாழ 61 பரிவலு தேவைப்படும். பந்தய வீரர்கள் தாங்கியின்மேல் மார்பு படியக் குனிந்து ஓட்டுவதன் இரகசியம் இதுவே. குனிந்த முதுகு பல பரிவலுவிற்கு ஈடாகும்.

ஆயின், நிறைக் குறைப்பு எங்கே பயன் தருகிறது? புறப்படும்போதும், மேட்டில் ஏறும்போதும், வளைவிற் சாயும்போதும், தடுத்து நிறுத்தும்போதும் அது பயன் தருகிறது. கூட்டிய வலு முன்னோக்கிச் செல்வதற்கு மட்டுமே உதவும். குறைத்த நிறையோ நிற்பதற்கும் திரும்புவதற்குங்கூட உதவும்.

இவ்வுண்மையை வாழ்க்கைக் கொள்கையாகவே கொண்டவர் ஒருவர் இத்தாலியில் இருந்தார். கோமோ ஏரியின் ஓரத்தில் மந்தெல்லோ என்னும் ஊரில் மோட்டோ குட்சி நிறுவனத்தின் தொழிற்சாலை உள்ளது. அங்கே பந்தய வண்டிகளை அமைத்த பொறியியலறிஞர் யூலியோ கார்க்கானோ. மற்றைய நிறுவனங்கள் நான்கு சிலிண்டர்களைப் பூட்டி வலுவைப் பெருக்கிக்கொண்டிருந்த காலத்தில், அவர் 350 சீசீ வகுப்பில் ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தையே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பிலும் நிறையைச் செதுக்கினார். தொழிற்சாலையில் 1950ஆம் ஆண்டிற் கட்டப்பட்ட காற்றுச் சுரங்கத்தில் வண்டியின் போர்வையைச் சோதித்து, காற்றின் தடையையும் குறைத்தார். 1957ஆம் ஆண்டில் அவ்வண்டி ஏறத்தாழ 98 கிலோ நிறையும் 38 பரிவலுவும் உடையதாக இருந்தது. எதிரிகளின் வலு கூடியதாக இருந்தும், 1953 முதல் 1957 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ச்சியாக அவ்வகுப்பின் உலக வாகை குட்சி வீரர்களையே சேர்ந்தது.

அதே கார்க்கானோ 500 சீசீ வகுப்பிற்கென எட்டுச் சிலிண்டர் வண்டியொன்றையும் அமைத்தார். 78 பரிவலு; நிறை 150 கிலோவிற்குள்; வேகமோ மணிக்கு 170 மைலுக்கும் மேல். தாளில் எழுதிப் பார்த்தால், ஒரு கிலோவிற்கு உரிய பரிவலு சிறிய வண்டியினும் இதற்கே கூடுதல். ஆயினும் அது உலக வாகைப் பந்தயம் ஒன்றிலேனும் வெல்லவில்லை. கிராங்குத் தண்டுகள் முறிந்தன. அத்துணை வேகத்திற்கு அக்காலத்து டயர்களும் பிறேக்குகளும் ஈடு கொடுக்கவில்லை. 1957ஆம் ஆண்டு மான் தீவின் பெரும் பந்தயத்தில் டிக்கி டேல் என்னும் வீரர் அதனை நான்காவது இடத்திற் கொண்டுவந்து சேர்த்தபோது, எட்டில் ஏழு சிலிண்டர்களே இயங்கிக்கொண்டிருந்தன. அவ்வாண்டின் இறுதியில் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகிக்கொண்டது. ஒருவரே அமைத்த இரண்டு வண்டிகள் இரண்டு பாடங்களைக் கற்பித்துச் சென்றன. நிறைக் குறைப்பு எளிய இயந்திரத்தையும் வாகைசூடச் செய்யும் என்பது ஒன்று; வலுவைத் தாங்கும் உறுப்புக்கள் இல்லாவிடத்து வலுவே வண்டிக்குப் பகையாகும் என்பது மற்றொன்று.

பந்தயக் களத்தை விட்டுப் பொதுவீதிக்கு வருவோம். இலண்டனின் வட சுற்றுவட்ட வீதியில் ஏஸ் கபே என்னும் தேநீர்ச்சாலை 1938ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. போரின்போது குண்டு வீச்சால் அழிந்து, 1949ஆம் ஆண்டில் மீண்டும் எழுந்த அவ்விடம், அடுத்த இருபது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் சந்திப்பிடமாக விளங்கியது. மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டுவதே அவர்கள் கொண்ட இலட்சியம். அதற்காகக் கைபிடியைத் தாழ்த்தினர். கால்தாங்கிகளைப் பின்னுக்குத் தள்ளினர். கனமான தகடுகளைக் கழற்றி எறிந்தனர். அலுமினியத் தாங்கிகளைப் பூட்டினர்.

அவர்கள் ஆக்கிய வண்டிகளுள் பெரும்புகழ் பெற்றது திரைற்றன் என்பதாகும். ட்ரயம்ப் இயந்திரத்தை நோட்டன் நிறுவனத்தின் சட்டகத்தில் இருத்துவதால் இரு பெயரும் இணைந்து அப்பெயர் வந்தது. அச்சட்டகத்தை அமைத்தவர் பெல்பாஸ்ற் நகரத்து றெக்ஸ் மக்கான்ட்லெஸ். 1950ஆம் ஆண்டில் அதனை ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஹரல்ட் டானியல், இறகுப் படுக்கையில் இருப்பது போன்ற சுகம் என்று கூறியதால், அதற்கு இறகுப் படுக்கை என்ற பெயரே நிலைத்துவிட்டது. இங்கு ஊன்றிக் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. ட்ரயம்ப் இயந்திரத்தில் வலுவிற்குக் குறைவில்லை. அவ்வலுவை வளைவுகளில் தாங்கும் உறுதி அதன் சொந்தச் சட்டகத்திற் போதாது என்றே இளைஞர் கருதினர். ஆகவே, அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற மாற்றியமைப்பு, வலுவைக் கூட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று. உள்ள வலுவை அடக்கி ஆள்வதற்காகச் செய்யப்பட்டதாகும்.

எனினும் எல்லோரும் இவ்வறிவோடு நடக்கவில்லை. வீதியிலே விழுந்து மாண்ட இளைஞர் பலர். பயிற்சி பெறுவோர் 250 சீசீக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டலாகாது என்று 1961ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் விதி பிறந்தது. தலைக்கவசம் 1973ஆம் ஆண்டிற் கட்டாயமாயிற்று.

இனி, மாற்றியமைக்க முற்படுவோர் எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது என்று ஆராய்வோம். நிறையைக் குறைப்பதில் முதலிடம் பெற வேண்டியவை சில்லுகள். இரும்பு வளையத்திற்குப் பதிலாக அலுமினிய வளையம் பூட்டினால் இருவகை நன்மை உண்டு. சில்லு சுழலும் பொருளாதலால் அதனை முடுக்குவதற்கு வேண்டிய சக்தி குறைகிறது. அன்றியும், சுருள்வில்லுக்குக் கீழே உள்ள நிறை குறைவதால், குண்டும் குழியுமான வீதியில் டயர் தரையை விட்டுத் துள்ளாமல் பற்றி நிற்கிறது. அடுத்துத் தாங்கி, இருக்கை, தகடுகள் ஆகியவற்றைக் கருதலாம். ஆனால், சட்டகத்தில் துளையிடுதல், சில்லின் அச்சை மெலிவித்தல், பிறேக்கின் பற்றுத் தண்டைச் செதுக்குதல் ஆகியவை நிறைக் குறைப்பு அல்ல; உயிர்க் குறைப்பு. உலோகம் ஒருமுறை தாங்கியதை ஆயிரம் முறை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. திரும்பத் திரும்ப அதிர்வதால் உண்டாகும் மயிரிழை வெடிப்புப் பல வேளைகளிற் கண்ணுக்குப் புலப்படாது. ஒருநாள் முறிந்தபின்னரே தெரியவரும்.

வலுவைக் கூட்டும் வழிகளோ ஒவ்வொன்றும் தத்தம் வரியை அறவிட்டே தீரும். அமுக்க விகிதத்தை ஏழிலிருந்து ஒன்பதிற்கு உயர்த்தினால், ஏட்டுக் கணக்கின்படி பயன் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடும். ஆயின் பெற்றோல் தரம் குறைந்ததாயின், கலவை காலந் தப்பித் தானே வெடித்து, சிலிண்டருக்குள் சம்மட்டியால் அடிப்பது போன்ற ஓசை எழும்; நாளடைவிற் பிஸ்டன் ஓட்டையாகும். வால்வுகள் கூடிய நேரம் திறந்திருக்குமாறு காம் தண்டை மாற்றினால், உயர் வேகத்தில் வலு பெருகும். சந்தடி மிக்க வீதியில் மெல்லச் செல்லும்போதோ இயந்திரம் இருமித் தடுமாறும். இயந்திரத்தை விரைந்து சுழல விடுவதும் ஒரு வழியே. நிமிடத்துக்கு 6,000 சுற்றிலிருந்து 7,000 சுற்றுக்கு உயர்த்தினால், பிஸ்டனையும் இணைப்புத் தண்டையும் இழுக்கும் விசை நூற்றுக்கு முப்பத்தாறு பங்கு கூடுகிறது. ஆறில் ஒரு பங்கு வேகத்திற்காக மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலான பளுவை உலோகம் சுமக்க வேண்டியிருக்கிறது.

செலவு குறைந்த வழி ஒன்று உண்டு. பின் சில்லின் பற்சக்கரத்தில் 45 பற்கள் இருக்குமாயின், அதற்குப் பதிலாக 48 பற்கள் உள்ளதைப் பூட்டலாம். பின் சில்லைத் தள்ளும் விசை நூற்றுக்கு ஏறத்தாழ ஏழு பங்கு கூடும். முன்னர்க் கூறிய 15 கிலோக் குறைப்பினால் வரும் ஆர்முடுகல் முழுவதும் இதனாலேயே வந்துவிடும். நெடுஞ்சாலையில் இயந்திரம் சிறிது கூடச் சுழலும் என்பதே இதன் வரி. மனம் மாறினால் பழைய பற்சக்கரத்தை மீண்டும் பூட்டிக்கொள்ளலாம். மீட்க முடியாத மாற்றத்தை விட மீட்கக்கூடிய மாற்றம் மேலானது.

எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றை மறத்தலாகாது. ஓடும் வண்டியில் தேங்கியிருக்கும் சக்தி, வேகத்தின் இரண்டாம் அடுக்கிற்கேற்ப உயர்கிறது. பிரித்தானிய வீதி விதிநூலின்படி மணிக்கு 60 மைலில் ஓடும் வாகனம் பிறேக்குப் பிடித்தபின் நிற்பதற்கு 55 மீற்றர் வேண்டும். அதே கணக்கில் 80 மைலுக்கு ஏறத்தாழ 98 மீற்றர் வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூட, நிற்கும் தூரமோ முக்காற் பங்கிற்கு மேல் கூடிவிடுகிறது. வீதியின் குறுக்கே ஓடிவரும் குழந்தைக்கும் சில்லுக்கும் இடையிலுள்ள தூரம் இக்கணக்கிலேதான் அடங்கியிருக்கிறது. ஆகவே பிறேக்கையும் டயரையும் சீர்செய்யாது வலுவைக் கூட்டுபவன், கடிவாளமின்றிக் குதிரைக்குக் கொள்ளு ஊட்டுபவனை ஒப்பான்.

காலமும் மாறிவிட்டது. 1969ஆம் ஆண்டில் யப்பானிய ஹொண்டா நிறுவனம் நான்கு சிலிண்டரும், 67 பரிவலுவும், முன் சில்லில் தட்டுப் பிறேக்கும் உடைய 750 சீசீ வண்டியைச் சந்தைக்கு அனுப்பியது. இளைஞர் இரவு பகலாகக் கொட்டிலில் உழைத்துத் தேடிய வேகம் கடையிலேயே கிடைத்தது. ஏஸ் கபேயும் அதே ஆண்டில் மூடப்பட்டது. பழைய நினைவைப் போற்றுவோர் முயற்சியால் 2001ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது. இன்றைய வண்டிகளில் எரிபொருளை அளந்து விடுவது மின்னணுக் கருவி. புகைக்குழாயை மாற்றினால் அக்கருவியின் கணக்கும் பிழைபடும். ஒலி பற்றிய சட்டமும் புகை பற்றிய சட்டமும் குறுக்கே நிற்கும். காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியாது செய்த மாற்றம், விபத்து நேர்ந்த நாளில் இழப்பீட்டையே இல்லாமற் செய்துவிடலாம்.

முடிவாகக் கூறுமிடத்து, மாற்றியமைத்தல் தவறன்று. அதன் வரிசைமுறை தவறுவதே தவறு. முதலில் வண்டியைத் தொழிற்சாலை தந்த நிலைக்குச் செப்பஞ் செய்க. தேய்ந்த சங்கிலியும், காற்றுக் குறைந்த டயரும், பிடித்துக்கொண்டிருக்கும் பிறேக்கும் தின்னும் வலுவை மீட்டாலே பலருக்குப் போதும். அடுத்து பிறேக்கையும் டயரையும் மேம்படுத்துக. அதன்பின் வலிமைக்கு ஊறின்றி நிறையைக் குறைக்க. வலுவைக் கூட்டுவது கடைசிப் படி. அப்படியை அடைந்தவர், கூட்டச் செலவாகும் பணத்தையும், அப்பணத்துக்கு வாங்கக்கூடிய பெரிய வண்டியின் விலையையும் பக்கத்திற் பக்கமாக எழுதிப் பார்ப்பாராக. பெரும்பாலும் அந்தக் கணக்கே விடை கூறிவிடும்.