வெட்டிய மரமும் அசையும்!

மழைக்காலத்தில் மரக்கதவு இறுகும், கோடையில் லூஸாகும். ஏன் தெரியுமா? மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்தால் உப்பும்; ஈரம் போனால் சுருங்கும். வேடிக்கை என்னவென்றால், நீளவாக்கில் அநேகமாக மாற்றமே இல்லை. எல்லாம் அகலவாக்கில்தான்!

எங்க மாமா பஸ் கண்டக்டர். லீவு நாளில் கொல்லைக் கொட்டகையில் தச்சு வேலை பழகுகிறார். பாட்டிக்காக, புதிதாக அறுத்த வேப்பம்பலகையில் ஸ்டூல் செய்தார். பலகையின் இரண்டு ஓரத்தையும் சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கிவிட்டார். பலகை காய்ந்து சுருங்கப் பார்த்தது; ஆணி விடவில்லை. இரண்டே மாதத்தில் நடுவில் பிளந்தது. நல்லவேளை, பாட்டி அப்போது அதில் உட்காரவில்லை!

இப்போது பலகைகளை நிழலில், இடையிடையே குச்சி வைத்து அடுக்கிக் காயவிடுகிறார். வெயிலில் போட்டால் மேல்புறம் முதலில் காய்ந்து வெடிக்குமாம். வாராவாரம் ஒரு பலகையைத் தராசில் நிறுக்கிறோம். நோட்டில் எழுதுவது என் வேலை. எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆணிக்குப் பதில் திருகாணி. ஒரு ஓரத்துத் துளை மட்டும் அகலவாக்கில் கொஞ்சம் நீட்டமாக இருக்கும். பலகை நகர இடம் வேண்டுமே!

உங்கள் வீட்டில் மரக்கதவு இருந்தால், கதவுக்கும் நிலைக்கும் உள்ள இடைவெளியை ஐப்பசியிலும் சித்திரையிலும் ஸ்கேலால் அளந்து பாருங்களேன்!