வானத்து மல்லாரி

புவனகிரிக்கு அருகிலிருந்து விவசாய அன்பர் ஒருவர் எழுதியிருக்கிறார். சம்பா அறுவடைக் காலத்தில் தம்முடைய அறுவடை மிஷினை வாடகைக்கு விடுகிறவர் அவர். மிஷின் எந்த ஊர் வயலில் நிற்கிறது, எப்போது அங்கிருந்து நகர்ந்தது என்பதை வீட்டிலிருந்தே அறிய, அலமாரியில் சும்மா கிடக்கும் பழைய ஸ்மார்ட்போனை அதில் கட்டிவைத்தால் போதுமா, அல்லது "சாட்டிலைட்டே வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கும்" என்று கடைக்காரர் சொல்லும் விசேஷக் கருவியைத்தான் வாங்க வேண்டுமா என்பது அவருடைய வினா.

போன் போதும் என்பதே என் அபிப்பிராயம்; ஆனால் கடைக்காரரின் வாசகத்தை முதலில் திருத்தியாக வேண்டும். சாட்டிலைட் எந்த வண்டியையும் பார்ப்பதில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோளுக்குப் புவனகிரியில் ஒரு மிஷின் இருக்கிறது என்ற பிரக்ஞையே கிடையாது. தன் கடிகாரம் காட்டும் காலத்தை ரேடியோ அலையில் இடையறாது அறிவித்துக்கொண்டே அது போகிறது. கேட்டு, கணித்து, இடத்தை நிர்ணயிப்பது முழுவதும் போனின் காரியம். அந்தக் கேட்கும் காரியத்தில் அடங்கிய சூட்சுமத்தை நினைக்குந்தோறும் என் வியப்பு தணிவதில்லை.

வீட்டு விளக்கின் வலிமையோடு புறப்படும் அந்த அலை, பூமியை அடையும்போது, போனுக்குள்ளேயே எலெக்ட்ரான்களின் வெப்ப அசைவு எழுப்பும் இரைச்சலைவிடப் பல பத்து மடங்கு தாழ்ந்துவிடுகிறது. இரைச்சலுக்கு அடியில் புதைந்த ஓசையை எப்படிக் கேட்பது?

ஆனித் தேரோட்டத்தன்று சிதம்பரம் கீழவீதியின் ஜனசமுத்திரத்துக்கு நடுவே நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கோ தேருக்கு முன்னால் நாதஸ்வரத்தில் மல்லாரி வாசிக்கிறார்கள். ஆரவாரத்தில் ஒரு ஸ்வரங்கூடத் தனியாகக் காதில் விழவில்லை. ஆயினும் அந்த மல்லாரி உங்களுக்கு மனப்பாடம். அதையே மனத்துக்குள் பாடி, சற்று முன்னும் சற்றுப் பின்னுமாக நகர்த்தி, வெளிச் சப்தத்தோடு பொருத்திப் பார்க்கிறீர்கள். பொருந்தாத வரையில் ஆரவாரம் ஆரவாரமாகவே இருக்கிறது. பொருந்திய கணத்தில், ஸ்வரத்தோடு ஸ்வரம் கூடி வளர, ஒழுங்கற்ற இரைச்சல் தனக்குத்தானே எதிராகித் தணிய, மல்லாரி துலங்கி எழுகிறது. போன் செய்வது இதுவே. ஒவ்வொரு கோளுக்கும் 1,023 துடிப்புகள் கொண்ட தனி மல்லாரி உண்டு. விநாடிக்கு ஆயிரம் தடவை அது வாசிக்கப்படுகிறது. எல்லாக் கோள்களும் 1,575.42 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில் வாசித்தாலும், மல்லாரிகள் வெவ்வேறாகையால் குழப்பமில்லை.

எவ்வளவு பின்னால் நகர்த்தியபோது பொருந்தியது என்பதே தூரத்தின் கணக்கு. வீதியில் ஒரு விநாடி பிந்தினால் நாதஸ்வரக்காரர் சுமார் 340 மீட்டர் தொலைவில் இருக்கிறார். வானத்து அலையோ விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிந்தினாலே 300 மீட்டர். தேர் விரைந்து நெருங்கினால் சுருதி ஏறும், விலகினால் இறங்கும். விநாடிக்கு ஏறத்தாழ 4 கிலோமீட்டர் செல்லும் கோளுக்கும் இந்தச் சுருதி பேதம் உண்டாகையால், போன் அதையும் சேர்த்தே தேடுகிறது. இனி, கேட்பவருடைய கைக்கடிகாரம் மட்டமானது. வெவ்வேறு வீதிகளில் நாதஸ்வரக்காரர்கள் ஒரே கணத்தில் தொடங்கியதாகக் கொண்டால், நம் கடிகாரத்தை எவ்வளவு திருத்தினால் எல்லாத் தூரங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன என்று பார்த்து, இடத்தையும் நேரத்தையும் ஒருசேரக் கண்டுவிடலாம். சமதளமான வீதிக்கு மூன்று நாதஸ்வரங்கள் போதும். உயரமும் சேர்ந்த உலகத்துக்கு நான்கு வேண்டும். மேலே இருக்கும் அணுக்கடிகாரத்தின் துல்லியத்தைச் சில ஆயிரம் ரூபாய் போன் இரவல் பெறுவது அந்த நான்காவது கோளின் உபகாரத்தால்தான்.

சரித்திரம் சுருக்கமானது. 1978இல் அமெரிக்க ராணுவம் முதற்கோளை ஏவியது. பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. ஜி.பி.எஸ். போன்ற நம் நாட்டு ஏற்பாடான நாவிக் வரிசையின் முதற்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. சாதாரணக் கருவிகளும் கேட்கத்தக்க எல்-1 அலைவரிசை 2023 மே 29 அன்று ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோளில்தான் சேர்ந்தது.

ஆக, கேட்பதில் மலிவான போன் குறைந்ததன்று. திறந்த வானத்தின் கீழ் 5 மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். கேட்டதைப் பிறருக்குச் சொல்வதில்தான் சங்கடம். அதற்கு டவர் வேண்டும், சிம் வேண்டும். கடலூர் முதுநகரிலிருந்து புறப்பட்ட விசைப்படகு டவரின் எல்லையைத் தாண்டியபின், மீனவர் கையிலுள்ள போன் தன் இடத்தைத் தெளிவாக அறியும். கரைக்கு ஒரு சொல் அனுப்ப அதனால் இயலாது. இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகவே செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் தமிழக விசைப்படகுகளுக்குத் தரப்பட்டதன் காரணம் இதுவே. பேருந்து, டாக்சி முதலியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் விதிக்கப்பட்ட ஏ.ஐ.எஸ்.-140 என்ற இடங்காட்டும் கருவிக்குப் பதிலாகவும் போனைக் காட்ட முடியாது.

அன்பருடைய மிஷினுக்கு அந்த நிர்ப்பந்தங்கள் இல்லை. போனை இரும்பு டூல்பாக்ஸுக்குள் வைத்துவிடாமல், வானம் தெரியும் கண்ணாடியோரத்தில், ஆனால் நேர்வெயில் படாமல், வண்டி பேட்டரியிலிருந்து சார்ஜ் ஏறும்படி பொருத்த வேண்டும். பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காகச் செயலிகளை உறங்கவைக்கும் ஏற்பாட்டையும் அணைத்துவிட வேண்டும். அதற்கு முன், வழியில் பதிந்ததைச் சேமித்துவைத்து அனுப்பும் செயலி ஒன்றைப் போனில் ஏற்றி, கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரத்துக்கு ஒரு முறை பஸ்ஸில் கொண்டுபோய்ப் பார்க்கட்டும். வரைபடத்தில் கோடு அறுந்த இடத்தின் புள்ளிகள் சற்றுத் தாமதித்தேனும் வந்து சேர்ந்தால் அங்கே டவர் இல்லை. சேராமலே போனால், பெரும்பாலும் போன் உறங்கிவிட்டது.