சுருங்காத கண்ணி

கொச்சியின் வில்லிங்டன் தீவிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "வடிகட்டும் சவ்வுகளை இனி வளைய மூலக்கூறுகளால் செய்வார்கள் என்று படித்தேன். சல்லடை சல்லடைதானே, துளையில் என்ன புதுமை?"

பதில் அவருடைய தீவிலேயே இருக்கிறது. 1957இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கிருந்துதான் இழுவலைக்காரர்களிடம் சொல்லிவருகிறது: வலையின் மடியில் சதுரக் கண்ணி போடுங்கள். சாய்சதுரக் கண்ணி கையில் விரித்துப் பார்த்தால் பெரிதாகத்தான் இருக்கும். படகு இழுத்ததும் நீண்டு இடுங்கிவிடும், குஞ்சு மீனும் தப்பாது. சதுரக் கண்ணி இழுத்தாலும் திறந்தே நிற்கும்.

வழக்கமான பாலிமர் சவ்வில் இருப்பது இடுங்கும் கண்ணி. அந்தத் துளையை யாரும் அளந்து செய்யவில்லை. பின்னிக்கிடக்கும் சங்கிலிகளுக்கு நடுவே தானாக விழுந்த சந்து அது. சங்கிலி அசைந்தால் சந்தும் மாறும். வளைய மூலக்கூறுக்கோ துளை பிறவியிலேயே உண்டு. சைக்ளோடெக்ஸ்ட்ரினை எடுத்துக்கொள்வோம். ஸ்டார்ச்சை ஒரு பாக்டீரிய நொதி நறுக்கி, நுனியோடு நுனி சேர்த்துவிடும்போது கிடைக்கும் குளுக்கோஸ் வளையம் இது. 1891இலேயே பிரான்சில் வில்லியே கண்டறிந்தது. ஆறு குளுக்கோஸ் சேர்ந்தால் ஆல்ஃபா, ஏழு என்றால் பீட்டா, எட்டு என்றால் காமா. உள்விட்டம் ஏறக்குறைய 0.5, 0.6, 0.8 நானோமீட்டர். வேண்டிய துளைக்கு வேண்டிய வளையம். சேலத்து மரவள்ளி மாவிலிருந்தும் இதை எடுக்கலாம். மரவள்ளி என்றதும் நம் பேச்சு ஜவ்வரிசியோடு நின்றுவிடுவது எனக்கு ஆதங்கம்தான்.

ஆனால் துளையுள்ள மூலக்கூறு கிடைத்தால் மட்டும் சவ்வு வந்துவிடாது. வளையங்கள் கண்டபடி கவிழ்ந்தும் சாய்ந்தும் கிடந்தால் ஒன்றின் துளையை அடுத்ததன் உடம்பு அடைத்துவிடும். இதற்கு லண்டனில் ஜிவெய் ஜியாங், ஆண்ட்ரூ லிவிங்ஸ்டன் குழுவினர் கண்ட வழியை 2022இல் 'நேச்சர்' இதழில் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. சைக்ளோடெக்ஸ்ட்ரினுக்கு ஒரு வாய் அகலம், மறு வாய் குறுகல். அதில் ஒரு பக்க விளிம்பை மட்டும் வேதிவினைக்குத் துடிப்பாக இருக்கும்படி மாற்றினார்கள். தண்ணீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பிணைகிறது. வளையங்கள் ஒரே திசை பார்த்து அணிவகுக்கின்றன. படலத்தைச் சில நானோமீட்டர் அளவுக்கு மெலிதாக்க மெலிதாக்க ஒழுங்கு கூடுகிறது. தாறுமாறாகக் கிடக்கும் வளையச் சவ்வைவிட இதில் மெத்தனால் இரண்டு மடங்கு வேகமாகக் கடந்தது. மூலக்கூறு எந்தப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும் என்பதையும் மனிதன் வடிவமைத்துவிட்டான்!

அவர்கள் இதை வைத்துச் செறிவூட்டிக் காட்டியது ஆல்கஹாலில் கரைந்த, கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் கனாபிடியால் எண்ணெயை. விலையுயர்ந்த சரக்கு, புரிகிறது. நமக்கு வேறு அவசரம் இருக்கிறது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில், மருந்து ஆலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் என்ற நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து இருந்ததை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டார்கள். நோய்க்கிருமிகளுக்கு மருந்தைப் பழக்கிவிடும் வேலை இது. கனாபிடியாலின் மூலக்கூறு எடை 314, சிப்ரோஃபிளாக்சசினுடையது 331. எடை நெருங்கி வருகிறது என்பதற்காக ஆல்கஹாலில் கிடைத்த வெற்றி கழிவுநீரிலும் கிடைத்துவிடாது. அங்கே உப்பும் சேறும் இன்னும் பல மருந்துகளும் கலந்திருக்கும். ஆனாலும் எந்த வளையம், எந்த விளிம்பில் எந்த வேதித் தொகுதி என்று நம் ஆய்வகங்கள் தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கழிவுநீர்தான்.