விலையில்லாக் கருவிக்கு விலை கொடுப்பவர் யார்?

இலவசமாகக் கிடைக்கும் பொருள் இலவசமாகவே உண்டாகிறது என்று எண்ணுவது ஜனங்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு மயக்கம். சத்திரத்தில் வழிப்போக்கருக்குச் சோறு விலையின்றிக் கிடைக்கிறது. அரிசி விலையின்றி வருவதில்லை. யாரோ ஒருவர் எழுதி வைத்த நிலம் விளைகிறவரையில் அடுப்பு எரியும். நிலம் கைமாறினால் அடுப்பும் அணைந்துபோகும். பார்வையற்றோர் கணினியைக் கையாள உதவும் இலவச மென்பொருள்களின் நிலைமையும் இத்தகையதே.

கணினித் திரையில் தோன்றுவதைக் காண இயலாதவர்க்கு அதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருளுக்குத் திரைவாசிப்பான் என்று பெயர். உத்தியோகத்திற்கு மனுச் செய்வதும், பாங்கிக் கணக்கைப் பார்ப்பதும், பாடம் பயில்வதும், பத்திரிகை படிப்பதும் கணினி வழியாகவே நடைபெறும் இக்காலத்தில், இக்கருவி இல்லாத பார்வையற்றவர் பொதுவாழ்வின் வாயிலுக்கு வெளியே நிற்கிறார் என்றே சொல்ல வேண்டும். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் விண்டோஸ் கணினிகளில் பெருவழக்காயிருந்த ஜாஸ் என்னும் திரைவாசிப்பானின் விலை ஏறக்குறைய 1,000 டாலர். கணினிக்கு ஒரு விலை; அதைப் பேச வைப்பதற்கு மற்றொரு விலை. கண்ணுள்ளவர் ஒரு முறை கொடுத்துப் பெறுவதைக் கண்ணில்லாதவர் இரு முறை கொடுத்துப் பெற வேண்டியிருந்தது. இது எந்த நாட்டு நியாயம்?

இந்த அநீதியை எதிர்த்து மனு எழுதிக்கொண்டிராமல், 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்பவர் தாமே ஒரு திரைவாசிப்பானை இயற்றத் தொடங்கினார். அவர் பார்வையற்றவர். அவருடன் சேர்ந்துகொண்ட ஜேம்ஸ் டே என்பவரும் பார்வையற்றவரே. இவ்விருவரும் 2007-இல் என்வி ஆக்ஸஸ் என்னும் லாப நோக்கமற்ற ஸ்தாபனத்தை அமைத்தனர். அவர்கள் செய்த என்விடிஏ என்னும் கருவியை யாரும் விலையின்றிப் பெறலாம். அதன் மூல நிரலைப் பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். தமக்கு வேண்டிய கருவியைத் தாமே ஆக்கிக்கொள்வது சுயராஜ்யத்தின் முதற்பாடம் அல்லவா? அப்பாடத்தை இவர்கள் உலகிற்குச் செய்து காட்டினர். இன்று இக்கருவி ஐம்பதுக்கு மேற்பட்ட பாஷைகளில் வழங்குகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. வெப்எய்ம் என்னும் அமெரிக்க ஸ்தாபனம் 2024-இல் வெளியிட்ட விசாரணையில், விடையளித்தவர்களுள் 100-க்கு 65 பேருக்கு மேல் இதைத் தாம் வழக்கமாகப் பயன்படுத்துவதாகக் கூறியுள்ளனர்.

இவ்வளவும் வெறும் நல்லெண்ணத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. மொஸில்லா, மைக்ரோஸாப்ட், அடோபி முதலிய நிறுவனங்களின் பொருளுதவியும், தனி மனிதர்களின் நன்கொடையும் சேர்ந்தே இப்பணி வளர்ந்தது. ஒரு முறை செய்து முடித்தால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. திரைவாசிப்பான் தனித்து இயங்குவதன்று. இயங்குதளமும் உலாவியும் தம் திரையிலுள்ளவை இன்னவை என்று அறிவிக்கும் குறிப்புகளைக் கேட்டுத்தான் அது பேசுகிறது. அவை மாறுந்தோறும் இதுவும் மாறியாக வேண்டும். மாறத் தவறினால், நேற்று வரை பேசிய கணினி இன்று ஊமையாகிவிடும். அதை நம்பியிருந்தவரின் உத்தியோகத்திற்கும் ஆபத்து. ஆகவே, இதற்கு வேண்டுவது ஒரு நாள் அன்னதானம் அன்று. ஆண்டுதோறும் நடைபெற வேண்டிய பராமரிப்பு.

ஒரே புரவலரை நம்பியிருப்பதன் அபாயத்திற்கும் சான்று உண்டு. லினக்ஸ் கணினிகளில் வழங்கும் ஓர்க்கா என்னும் திரைவாசிப்பானை ஸன் மைக்ரோஸிஸ்டம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் போஷித்து வந்தது. 2010-இல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியதும், அப்பணியில் தலைமை வகித்தவர் உள்ளிட்ட ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். மூல நிரல் எல்லோருக்கும் பொதுவாயிருந்தபடியால் ஓர்க்கா மடியவில்லை. ஜோன்மேரி டிக்ஸ் என்னும் அம்மையார் அதை ஏற்று நடத்தினார். ஸ்பெயின் தேசத்து இகாலியா நிறுவனம் பின்னர் துணை நின்றது. உரிமை பொதுவாயிருந்தமையால் உயிர் தப்பியது. பொருள் ஒரே கையிலிருந்தமையால் உயிர் ஊசலாடியது. இவ்விரண்டு படிப்பினைகளையும் நாம் சேர்த்தே கற்க வேண்டும்.

இயங்குதளங்களைச் செய்யும் பெருநிறுவனங்களே இப்போது திரைவாசிப்பானைக் கூடவே கொடுக்கின்றனவே என்று வாதிப்போர் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2005 முதல் வாய்ஸ்ஓவரைத் தன் கணினிகளில் வைத்துத் தருகிறது. மைக்ரோஸாப்ட் நிறுவனத்தின் நேரேட்டரும் உளது. அவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவற்றின் மூல நிரல் பயன்படுத்துவோர் கையில் இல்லை. நிறுவனத்தின் சித்தம் உள்ளவரை அவை நடக்கும். சிறு பாஷையொன்றைப் பேசுவோர் அவற்றின் நிரலைத் தாமே திருத்திக்கொள்ள வழியில்லை. என்விடிஏயுடன் வழங்கும் ஈஸ்பீக் என்னும் பேச்சுப்பொறியோ திறந்த மூல நிரல் உடையது. பெருவணிகத்தின் தயவை எதிர்பாராமலே அது தமிழும் பேசுகிறது. அக்குரல் யந்திரக்குரல்தான், இனிமை போதாது. அதைச் செம்மை செய்யும் உரிமை நமக்கு உண்டு. செய்வதற்கான பொருளும் முயற்சியுமே வேண்டும்.

நாம் கூற விரும்புவது இதுவே. இக்கருவியைத் தம் கணினிகளில் அமைத்துக்கொள்ளும் கல்லூரிகளும், பாங்கிகளும், சர்க்கார் அலுவலகங்களும், விலை மிச்சமாயிற்று என்று மகிழ்வதோடு நில்லாமல், அந்த மிச்சத்தில் ஒரு சிறு பகுதியை ஆண்டுதோறும் அதன் பராமரிப்பிற்குச் செலுத்துவதை விதியாக்கிக்கொள்ள வேண்டும். தகவல் தொடர்பு வசதிகள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி செய்ய வேண்டிய கடமையை இந்தியாவின் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சர்க்கார் மீது சுமத்தியிருக்கிறது. அக்கடமைக்குக் கருவி பிறர் செய்து கொடுத்தது. கூலியேனும் நாம் கொடுக்க வேண்டாமா? இதைத் தயை என்று சொல்வது தவறு. சாலைக்கு வரி கொடுப்பவர் தர்மம் செய்வதாக எண்ணுவதில்லை. பொதுச் சொத்தில் தம் பங்கைச் செலுத்துகிறார். பலர் கொடுக்கும் சிறு பங்கால் நிற்கும் கருவியை எந்த ஒருவரும் நிறுத்திவிட முடியாது. கண்ணில்லாத சகோதரர்கள் நம்மிடம் கேட்பது இரக்கம் அன்று, அந்த உறுதியே.