கடலில் மிதக்கும் நான்கு ஏக்கர்

  

விமானம் ஏறவும் இறங்கவும் நீண்ட ஓடுபாதை வேண்டும் என்பது நாம் அறிந்ததே. சிப்பாங்கில் உள்ள நம் அனைத்துலக விமான நிலையத்தின் ஓடுபாதைகள் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளமுள்ளவை. அப்படியிருக்க, நடுக்கடலில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கப்பலின் முதுகில் விமானங்கள் ஏறி இறங்குவது எப்படி? இந்தக் கேள்வியை நம் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்கு விடை காண, இன்று உங்களை ஒரு விமானம் தாங்கிக் கப்பலுக்குள் அழைத்துச் செல்லப் போகிறேன்.

பணியில் இருக்கும் போர்க்கப்பலுக்குள் பொதுமக்கள் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. ஆனால் ஓய்வு பெற்ற சில கப்பல்களைக் காட்சிசாலைகளாக மாற்றி, மக்கள் பார்வைக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்றுதான் அமெரிக்காவின் சான் டியாகோ துறைமுகத்தில் நிற்கும் ‘மிட்வே’ என்னும் கப்பல். 2004-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து அது காட்சிசாலையாக இருந்து வருகிறது. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு யார் வேண்டுமானாலும் ஏறிப் பார்க்கலாம். அந்தக் காலத்தில் கடற்படையில் பணியாற்றிய முதியவர்கள் பலர், சம்பளம் வாங்காத தொண்டர்களாக அங்கே நின்று விளக்கம் சொல்கிறார்கள்.

முதலில் கப்பலின் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வோம். நம் பாட்டன் பாட்டிமார் ‘ஜப்பான் காலம்’ என்று சொல்வார்களே, அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1943-ஆம் ஆண்டில் இதைக் கட்டத் தொடங்கினார்கள். 1942-இல் பசிபிக் கடலில் மிட்வே தீவருகே நடந்த பெரும் போரின் நினைவாக இதற்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கப்பல் கடற்படையில் சேர்ந்த நாள் 1945 செப்டம்பர் 10. ஜப்பான் சரணடைந்து கையெழுத்திட்டு எட்டே நாள்தான் ஆகியிருந்தது. ஆகவே எந்தப் போருக்காகக் கட்டினார்களோ அந்தப் போரை இக்கப்பல் பார்க்கவில்லை. ஆனால் பிறகு வியட்நாம் போரிலும், 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலும் ஈடுபட்டது. 1992 ஏப்ரலில் ஓய்வு பெற்றது.

வாருங்கள், உள்ளே போவோம். தலையையும் கால்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பலின் வாசல்கள் நம் வீட்டு வாசல் போன்றவை அல்ல. அடியில் முழங்கால் உயரத்துக்குத் தடுப்பு இருக்கும். மேலே தலை இடிக்கும். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அது அடுத்த அறைக்குப் பரவாமல், கனத்த இரும்புக் கதவை இறுக மூடிவிடத்தான் இந்த ஏற்பாடு. ஏணிப்படிகளும் செங்குத்தானவை. இரு கைகளாலும் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்க வேண்டும்.

நாம் முதலில் நுழையும் இடம் விமானக் கொட்டகை. மழை வெயில் படாமல் விமானங்களை நிறுத்தவும், பழுது பார்க்கவும் உள்ள பெரிய கூடம் இது. இடத்தை மிச்சப்படுத்த, பறவை சிறகை மடக்குவதுபோல் விமானங்களின் இறக்கைகளை மடக்கி வைப்பார்கள். கப்பலின் ஓரத்தில் உள்ள பெரிய மின்தூக்கிகள் விமானத்தை அப்படியே மேல்தளத்துக்குத் தூக்கிச் செல்லும்.

இந்தக் கொட்டகைக்குக் கீழேதான் ஆட்கள் குடியிருந்தார்கள். கப்பலில் வேலை செய்தவர்கள் சுமார் 4,500 பேர். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய இளைஞர்கள். அவர்கள் படுத்த கட்டில்களைப் பார்த்தால், நம் பழைய லயத்து வீடுகள் மாளிகையாகத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று கட்டில்கள். புரண்டு படுக்கும் அளவுக்குத்தான் இடைவெளி. ஒருவருடைய உடைமை எல்லாம் அந்தக் கட்டிலுக்கு அடியில் உள்ள சிறு பெட்டிக்குள் அடங்கிவிட வேண்டும்.

அடுத்துச் சமையற்கூடம். 4,500 பேர் மூன்று வேளை சாப்பிட்டால் நாளொன்றுக்கு 13,000 சாப்பாட்டுக்கு மேல் ஆகிறது. பெரிய பெரிய அண்டாக்களை அங்கே காணலாம். பசியாறல் முடிந்து பாத்திரம் கழுவும்போதே, மதியச் சாப்பாட்டு வேலை தொடங்கிவிடும். இன்னும் மருத்துவமனை, பல் மருத்துவர் அறை, தபால் நிலையம், முடிதிருத்தும் கடை, சலவைச்சாலை, வழிபாட்டு அறை, தவறு செய்தவரை அடைக்கும் சிறை எல்லாம் உண்டு. இதை ஒரு சிறு பட்டணம் என்றே சொல்லிவிடலாம்.

இந்தப் பட்டணத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? சுற்றிலும் தண்ணீர்தான், ஆனால் உப்புத் தண்ணீர். அதைக் காய்ச்சி, நீராவியைக் குளிர்வித்து நன்னீராக்கினார்கள். அதிலும் முதற்பங்கு மனிதருக்கு அல்ல, கொதிகலனுக்கு. தண்ணீர் குறைந்தால் மாலுமிகள் குளிப்பதைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படி என்ன பெரிய மனிதர் இந்தக் கொதிகலன்? இன்னும் கீழே இறங்கினால் தெரியும். செம்பனை ஆலையில் வேலை செய்யும் நேயர்களுக்குக் கொதிகலனைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எண்ணெயை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறார்கள். நீராவி அழுத்தத்தோடு பாய்ந்து சுழலியைச் சுற்றுகிறது. சுழலி கப்பலின் காற்றாடிகளைச் சுற்றுகிறது. மிட்வே கப்பலில் 12 கொதிகலன்கள், 4 காற்றாடிகள். மொத்த ஆற்றல் 212,000 குதிரைத்திறன். இந்த மாபெரும் இரும்பு மலை, முழு வேகத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடியது. கொதிகலன் அறையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும். வெளிச்சமும் கடலும் தெரியாத அந்த இடத்தில், முறை வைத்து இரவு பகலாக வேலை செய்தார்கள்.

இப்போது மேல்தளத்துக்கு ஏறுவோம். வெயில் முகத்தில் அடிக்கிறது. எதிரே பரந்து கிடக்கும் தளத்தின் நீளம் சுமார் 305 மீட்டர். பரப்பளவு 4 ஏக்கர். ஒரு பால்வெட்டுத் தொழிலாளி காலையில் வெட்டி முடிக்கும் மரங்கள் நிற்கும் இடம் ஏறக்குறைய இவ்வளவுதான். அந்த இடத்துக்குள் விமானங்கள் நிற்க வேண்டும், ஏற வேண்டும், இறங்கவும் வேண்டும்.

ஏறுவதைப் பார்ப்போம். தளத்தின் முன்பகுதியில் நீண்ட பிளவு ஒன்று தெரியும். அதன் அடியில் நீராவியால் இயங்கும் உந்துகருவி இருக்கிறது. கீழே கொதிகலனிலிருந்து வந்த நீராவிதான் இதற்கும் உயிர். விமானத்தின் முன்பகுதியை அதனோடு மாட்டி, நீராவியைத் திறந்துவிட்டால், கவண்கல்லைப் போல விமானம் வீசப்படும். சுமார் 75 மீட்டருக்குள், இரண்டு மூன்று வினாடிகளில், பறப்பதற்கு வேண்டிய வேகம் வந்துவிடும்.

இறங்குவது இதைவிடக் கடினம். தளத்தின் குறுக்கே மூன்று எஃகுக் கம்பிவடங்கள் கட்டியிருக்கும். விமானத்தின் வாலில் ஒரு கொக்கி தொங்கும். அந்தக் கொக்கி ஏதாவது ஒரு வடத்தில் மாட்டினால் விமானம் சுமார் 100 மீட்டருக்குள் நின்றுவிடும். மாட்டாவிட்டால்? அதற்காகத்தான் விமானி, சக்கரம் தளத்தைத் தொட்டவுடனே எந்திரத்தை முழு வேகத்துக்கு முடுக்குவார். கொக்கி தவறினாலும் மறுபடி வானில் ஏறித் திரும்பி வரலாம். முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் இருக்க, இறங்கும் பாதையைச் சற்றுச் சாய்வாக அமைத்திருக்கிறார்கள். இந்தச் சாய்ந்த பாதையும் நீராவி உந்துகருவியும் பிரிட்டிஷ் கடற்படையினர் கண்டுபிடித்தவை.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று காற்று. பட்டம் விடும் பிள்ளைகளைக் கேளுங்கள். காற்றுக்கு எதிரே ஓடினால்தான் பட்டம் ஏறும் என்பார்கள். கப்பலும் அப்படியே காற்றுக்கு எதிராகத் திரும்பி ஓடும். காற்றின் வேகம் 15 நாட், கப்பலின் வேகம் 25 நாட் என்றால், தளத்தின்மேல் 40 நாட் காற்று வீசும். 60 நாட் வேகத்தில் வரும் ஒரு சிறு விமானம், அந்தத் தளத்தைப் பொறுத்தவரை 20 நாட் வேகத்தில்தான் வந்து சேரும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் தேவைப்படும்.

தளத்தில் விமான இரைச்சலால் பேச்சு எடுபடாது. எனவே அவரவர் வேலையைச் சட்டையின் நிறம் சொல்லிவிடும். மஞ்சள் சட்டைக்காரர் கைச்சைகையால் விமானங்களை வழிநடத்துவார். பச்சைச் சட்டை, உந்துகருவியையும் கம்பிவடங்களையும் கவனிப்போர். ஊதா, எரிபொருள் நிரப்புவோர். சிவப்பு, வெடிபொருளைக் கையாளுவோரும் விபத்துகளில் உதவுவோரும். நீலம், விமானங்களை நகர்த்தி நிறுத்திக் கட்டையிடுவோர். பழுப்பு, ஒவ்வொரு விமானத்துக்கும் பொறுப்பாளர். வெள்ளை, பாதுகாப்பையும் மருத்துவத்தையும் பார்ப்போர். விமானி எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், தளத்தில் மஞ்சள் சட்டை போட்ட இருபது வயதுப் பையனின் கைச்சைகைக்கு அடங்கித்தான் நகர வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பறப்பதற்கு முன் மாலுமிகள் தளத்தின் குறுக்கே தோளோடு தோள் வரிசையாக நின்று, தலை குனிந்தபடி மெல்ல நடப்பார்கள். நம் பிரட்டுக்களத்து வரிசை போலத் தோன்றும். அவர்கள் தேடுவது ஒரு சிறு திருகாணி, ஒரு கம்பித்துண்டு. அதை விமானத்தின் எந்திரம் உறிஞ்சிவிட்டால் எந்திரம் நொறுங்கும். விமானியின் உயிரும் போகலாம். குனிந்து பொறுக்கும் வேலை சிறிய வேலை அன்று என்பதை இங்கே கண்ணால் காணலாம்.

இனி, இந்தத் தளத்தில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 1975 ஏப்ரல் மாத இறுதி. சைகோன் நகரம் விழுந்துகொண்டிருந்த நேரம். வியட்நாமின்மீது குண்டு வீச விமானங்களை அனுப்பிய இதே கப்பல், இப்போது அங்கிருந்து தப்பி வருவோரை ஏற்றிக்கொண்டிருந்தது. 3,000 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். தளமெங்கும் ஹெலிகாப்டர்கள் நெருக்கியடித்து நின்றன.

அப்போது இரண்டே இருக்கைகள் கொண்ட ஒரு சிறு விமானம் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அதை ஓட்டியவர் தென் வியட்நாம் விமானப்படையைச் சேர்ந்த மேஜர் புவாங் லீ. உள்ளே அவர் மனைவியும் ஐந்து பிள்ளைகளும் இருந்தார்கள். கப்பலோடு வானொலித் தொடர்பு கிடைக்கவில்லை. அவர் காகிதத்தில் எழுதிக் கீழே போட்டார். காற்று அதைக் கடலுக்குக் கொண்டுபோயிற்று. மீண்டும் போட்டார். கடைசியில் கைத்துப்பாக்கி உறையில் வைத்துப் போட்ட சீட்டு தளத்தில் விழுந்தது. ஹெலிகாப்டர்களை நகர்த்தினால் தம்மால் இறங்க முடியும் என்றும், தங்களைக் காப்பாற்றும்படியும் அதில் கேட்டிருந்தார்.

கப்பல் தலைவர் லாரன்ஸ் சேம்பர்ஸ். விமானம் தாங்கிக் கப்பல் ஒன்றுக்குத் தலைமை ஏற்ற முதல் கறுப்பின அமெரிக்கர் அவர். பொறுப்பேற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தன. விமானம் கடலில் இறங்கினால் பிள்ளைகள் மூழ்கிவிடுவார்கள். தளத்திலோ இடம் இல்லை. ஹெலிகாப்டர்களைக் கடலில் தள்ளும்படி கட்டளையிட்டார். இலட்சக்கணக்கான டாலர் பெறுமானமுள்ள அரசாங்கச் சொத்து! இதற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிற்க நேரும் என்றே அவர் எண்ணினார். இருந்தும் கட்டளையை மாற்றவில்லை.

கட்டளை ஒருவருடையது, நிறைவேற்றியவர்கள் பலர். பல நிறச் சட்டைக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஹெலிகாப்டர்களைக் கையால் தள்ளினார்கள். அந்தச் சிறு விமானத்தில் கொக்கி இல்லை. சக்கரம் தடுக்கிவிடக்கூடாதே என்று கம்பிவடங்களைக் கழற்றினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. காற்றின் வேகம் 15 நாட். கப்பல் 25 நாட் வேகத்தில் ஓடினால் அந்த விமானம் பத்திரமாக இறங்க முடியும். ஆனால் எந்திரங்களில் ஒரு பகுதி பழுதுபார்ப்பில் இருந்தது. கப்பலுக்கு மின்சாரம் தரும் சுமையை அவசரகால டீசல் எந்திரங்களுக்கு மாற்றிவிட்டு, கிடைத்த நீராவி முழுவதையும் காற்றாடிகளுக்குக் கொடுக்கும்படி தலைமைப் பொறியாளருக்குச் சொல்லப்பட்டது. வேகம் கிடைத்தது. விமானம் தளத்தைத் தொட்டு, துள்ளி, ஓடி, நின்றது. ஏழு உயிர்களும் பிழைத்தன. மாலுமிகள் ஓடிவந்து ஆரவாரம் செய்தார்கள். அக்குடும்பம் புது வாழ்வு தொடங்கத் தங்களுக்குள் பணமும் திரட்டிக் கொடுத்தார்கள். சேம்பர்ஸ் தண்டிக்கப்படவில்லை, பிற்காலத்தில் கடற்படையில் மேலும் உயர்ந்தார்.

நேயர்களே, சற்று எண்ணிப் பாருங்கள். அந்த விமானம் இறங்கியதைத் தளத்தில் இருந்தவர்கள் கண்டார்கள். ஆனால் அதற்கு வேண்டிய நீராவியைத் தந்தவர்கள், பல தளங்களுக்குக் கீழே, வியர்வையில் நனைந்து அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழந்தைகளின் முகத்தை அவர்கள் அப்போது பார்க்கவில்லை. தங்கள் வேலையைக் கற்றவர்களாக அவர்கள் இல்லாதிருந்தால், தலைவரின் இரக்கம் மட்டும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்காது.

நம் பிள்ளை விமானியாக வேண்டும் என்று ஆசைப்பட்டால் மகிழ்ச்சியோடு ஊக்கமளியுங்கள். ஆனால் அதே கப்பலில் கொதிகலன் இயக்குபவர், மின்சாரப் பணியாளர், வானிலை கணிப்பவர், மருத்துவ உதவியாளர், சமையற்காரர் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் பயிற்சி பெற்றே அங்கு வந்தார்கள். நம் செம்பனை ஆலையிலும் கொதிகலனை இயக்குபவருக்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும் அல்லவா? ஒரு தொழிலை முறையாகக் கற்றுச் சான்றிதழ் பெற்றவனுக்கு எங்கும் ஓர் இடம் உண்டு.

அடுத்த முறை உங்கள் பிள்ளை அறிவியல் பாடத்தில் நீராவியைப் பற்றிப் படிக்கும்போது, அருகில் உட்கார்ந்து இந்தக் கப்பலின் கதையைச் சொல்லுங்கள். சோறு வடிக்கும் பானையின் மூடியைத் தூக்குவதும், விமானத்தை வானில் வீசுவதும் அதே நீராவிதான் என்று அறிந்தால், பாடம் பிள்ளையின் மனத்தில் நிற்கும்.