உப்புக்குத் தெரியாத இடம்

வைகாசி கருட சேவையன்று ஆழ்வார்திருநகரியில் எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்தின் நடுவே கயிறு கட்டி ஓரிடத்தை மறித்தால் உள்ளே யாரும் வரமாட்டார்கள். ஆனால் கயிற்றுக்கு முன்னால் நெரியும், பின்னால் காலியாகும். மாடியிலிருந்து பார்ப்பவர் அங்கே ஏதோ இருக்கிறதென்று உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அவ்வூரைத் தொட்டோடும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்கு வடக்கே தூத்துக்குடித் துறைமுகம். அங்குள்ள கான்கிரீட்டுக்குள்ளும் இதே கதைதான். கடலுப்பின் குளோரைடு அயனிகள் ஈரத் துளைகள் வழியே, திக்குத் திசையில்லாமல் முட்டி மோதி உள்ளே போகின்றன. இதுதான் விரவல், இதற்கான விதியை அடோல்ஃப் ஃபிக் 1855-இல் எழுதினார். சிமென்டின் காரத்தன்மை கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். குளோரைடு அதைத் துளைக்க, கம்பி துருப்பிடிக்கிறது. துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், கான்கிரீட் வெடிக்கும்.

கம்பிக்குப் பூச்சு பூசலாம். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அப்படிப்பட்ட பூச்சுகளை உருவாக்கியிருக்கிறது. ஆனால் பூச்சு என்பது கயிறு மாதிரிதான்: உப்பைத் தடுக்கும், சுற்றியுள்ள அயனிகளின் பரவலைக் கலைக்கும். தடயமே இல்லாமல் மறைக்க இன்னொன்று வேண்டும். தடுப்பைச் சுற்றி, அயனிகள் வழக்கத்தைவிட எளிதாக ஓடும் ஒரு வளையம். முன்னால் தேங்க வேண்டியவை அந்த வளையத்தில் விரைந்து சுற்றி, பின்பக்கக் குறையை நிரப்பிவிடும். தடுப்பு உருளையாக இருந்து, வளையத்தின் வெளி ஆரம் அதன் ஆரத்தைப் போல இரு மடங்கு என்றால், வளையத்தில் விரவல் 5/3 மடங்கு இருக்க வேண்டும். வளையம் மெலிய மெலிய இந்த எண் கிடுகிடுவென ஏறும். கணக்கு நிலைத்த ஓட்டத்துக்கு மட்டுமே கச்சிதம். வரத்து மாறிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தடயம் தெரியும்.

2014-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே ஆய்வாளர்கள் இதை ஒளியில் செய்துகாட்டினார்கள். வெள்ளைச் சுவர்ப் பெயின்ட் கலந்த கலங்கல் நீரில் ஒளி, உப்பைப் போலவே சிதறி விரவும். அதில் வைத்த உருளை நிழலாகத் தெரிந்தது. ஏற்ற உறையைப் போர்த்தியதும் நிழல் மறைந்தது.

அழகான வித்தைதான். ஆனால் தூத்துக்குடியில் வீடு கட்டுகிறவர் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. விரவலில் இரு மடங்கு ஆழம் போக நான்கு மடங்கு காலம் ஆகும். ஆகவே கம்பியை கான்கிரீட்டின் வெளிப்பரப்பிலிருந்து உள்ளே தள்ளி நிறுத்தும் கவர் பிளாக்கை ஒழுங்காக வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்தால் போதும்.